வசந்தத்தைத் தொகுத்தவர்கள்: லாத்விய நாட்டார் சடங்குகளை முன்வைத்து

1

விடிவதற்கு முன்னால் எழுந்து, கிழக்கு நோக்கி ஓடும் நீரோடைக்குப் போய் முகம் கழுவ வேண்டும். கழுவியவனுக்கு அந்த வருஷம் முழுக்க உடம்புக்கு ஒன்றும் வராது, வேலை நேரத்தில் தூக்கம் வழியாது. அப்புறம் பறவை ஓட்டுதல். கட்டையைத் தட்டிக் கூச்சல் போட்டு, கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தையும் விதையைக் கொத்தும் காக்கையையும் நிலத்தின் எல்லைக்கு வெளியே துரத்திவிட்டு வருவது. வீட்டில் வெங்காயத் தோலோடும் பிர்ச் இலையோடும் வேகவைத்துச் சாயமேற்றிய முட்டைகள் காத்திருக்கும். முட்டையோடு முட்டையை மோதி எது உடைகிறதென்று பார்ப்பார்கள். உப்பில்லாமல் முட்டை தின்றவன் கோடை முழுக்கப் பொய் பேசுவான் என்றொரு நம்பிக்கை. பிறகு மேட்டில் கட்டிய பெரிய ஊஞ்சல். பலகையின் இரு முனையிலும் எதிரெதிரே நின்றுகொண்டு ஆட வேண்டும். ஊஞ்சல் கட்டியவனுக்கும் ஆட்டிவிட்டவனுக்கும் பெண்கள் முட்டையோ கையால் பின்னிய கையுறையோ கொடுப்பார்கள்.

லாத்வியர்களின் வசந்த வரவேற்பு என்று எழுதப்பட்ட எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஏறக்குறைய இந்தச் சித்திரம்தான் கிடைக்கும். விழாவின் பெயர் லியெல்டியெனாஸ். 'பெரிய நாட்கள்' என்று பொருள். பகல் இரவைத் தாண்டி நீளத் தொடங்கும் நாட்கள் என்று விளக்கம் சொல்வார்கள். கிறித்தவத்தின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அந்த மொழியில் இதே பெயர்தான்.

மேலேயுள்ள பத்தியை எழுதுவது ரொம்ப சுலபமாக இருந்தது. அதில்தான் சிக்கல் இருக்கிறது. குர்ஸெமெ, வித்ஸெமெ, லத்கலெ என்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ், வெவ்வேறு திருச்சபைகளின் கீழ் இருந்த பகுதிகளில், வெவ்வேறு காலத்தில் யார் யாரோ சொன்னவற்றை ஒரே விடியற்காலைக்குள் அடைத்துவிட்டேன். இத்தனையும் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒரே பண்ணையில் நடந்ததென்று கொள்ள ஆதாரம் கிடையாது. 'நடந்தது', 'இருந்தது' என்று எழுவாய் இல்லாமல் எழுதும்போது, செய்தவர்களும் மறைந்துபோகிறார்கள், எழுதியவர்களும் மறைந்துபோகிறார்கள். மிஞ்சுவது 'லாத்விய வசந்தம்' என்கிற ஒரு பொருள் மட்டும். அந்தப் பொருள் எப்படி உருவாக்கப்பட்டது, அதற்குள் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

ஊஞ்சலிலிருந்தே தொடங்கலாம். ஏன் ஆடுகிறார்கள்?

ஃப்ரேஸர் தன் 'தங்கக் கிளை'யில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். ஊஞ்சல் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அவ்வளவு உயரம் ஆளிச்செடி வளரும் என்று லாத்விய விவசாயி நம்புகிறான், ஆகவே ஆடுகிறான். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும் என்ற போலச்செய்யும் மந்திரத்துக்கு இது ஓர் உதாரணம். உலகம் பூராவிலிருந்தும் வந்து குவிந்த குறிப்புகளோடு லாத்விய விவசாயியின் ஊஞ்சலும் அந்தப் பெரிய புத்தகத்துக்குள் ஒரு பலகையைப் போல் செருகப்பட்டது.

பேடெரிஸ் ஷ்மிட்ஸ் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1940-41இல் 4 தொகுதிகளாக வெளிவந்த லாத்விய நாட்டார் நம்பிக்கைகளின் தொகுப்பு வேறு மாதிரியானது. ஒவ்வொரு நம்பிக்கையும் தனித்தனிப் பதிவாக, கொடுத்தவர் குறிப்போடு நிற்கும். ஊஞ்சல் பற்றி நாட்டாரிடமிருந்து கிடைத்த காரணங்களை அடுக்கினால், கோடையில் கொசு கடிக்காமலிருக்க ஆடுகிறோம் என்பது ஒன்று. மாடு கொழுக்க என்பது ஒன்று. ஆளி ஓங்கி வளர என்பது இன்னொன்று. ஒரே செயலுக்கு இத்தனை காரணங்கள். இவற்றில் ஆளியை மட்டும் பொறுக்கிக்கொண்டால்தான் அது 'மந்திரம்' ஆகும். கொசுவை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய வேடிக்கையாகிவிடும். ஆணும் பெண்ணும் ஒரே பலகையில் ஏறி ஆட ஊரே அனுமதிக்கும் நாள் என்பதை எடுத்துக்கொண்டால் அது வேறொரு கதை. விளக்கத்தை முடிவு செய்வது சடங்கா, பொறுக்குகிறவனா?

ஆளி விஷயத்திலேயே இன்னொன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ரீகா துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான முக்கியச் சரக்குகளில் ஒன்று ஆளி நார். விவசாயியின் கையில் காசு பார்க்க வைத்த பயிர் அது. பிப்ரவரியில் வரும் மெதெஞி விழாவில் சறுக்குவண்டியில் மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு நீளம் ஆளி வளரும் என்றார்கள். வசந்தத்தில் அதே ஆளிக்காக ஊஞ்சல் ஆடினார்கள். இந்த ஆசையைக் காலங்கடந்த வளமைச் சடங்கு என்று மட்டும் வாசித்தால், துறைமுகத்தில் விலை பேசிக்கொண்டிருக்கும் வியாபாரி பார்வையிலிருந்து தப்பிவிடுகிறான். நாட்டார் நம்பிக்கைக்குள் சந்தை இருக்காது என்று யார் சொன்னது?

விழா முடிந்ததும் ஊஞ்சலைக் கழற்றிவிட வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் சூனியக்காரிகள் வந்து ஆடுவார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

3

இந்தச் சடங்குகளை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர்கள் இவற்றை ஒழிக்க வந்தவர்கள். லத்கலெ பகுதியில் சுற்றிய ஸ்திரிபிங் என்னும் இயேசு சபைப் பாதிரியாரின் 1606ஆம் ஆண்டு அறிக்கையில்தான் குதிரைகளின் தெய்வமான ஊசிஞ்ஷ் நமக்குத் தெரியவருகிறது. அந்தத் தெய்வத்துக்கு இரண்டு காசு, இரண்டு ரொட்டி, தீயில் போட ஒரு துண்டுக் கொழுப்பு என்று படையலைக்கூட எண்ணி எழுதிவைத்திருக்கிறார். குர்ஸெமெயில் லூத்தரன் சபையின் மேலாளராயிருந்த பவுல் ஐன்ஹார்ன் 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லாத்வியர்களின் மூடநம்பிக்கைகளைக் கண்டித்து எழுதிய நூல்கள் இன்றைக்கு ஆய்வாளர்களுக்கு முதன்மைச் சான்று. கண்டனம் செய்தவன் கையில்தான் விவரம் பிழைத்திருக்கிறது. குற்றப்பத்திரிகையை வைத்துக் குற்றவாளியின் முகத்தை வரைகிற வேலை இது. செய்யக்கூடாதென்பதல்ல, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

அடுத்த கட்டத்தில் கண்டனம் ரசனையாக மாறுகிறது. ஹெர்டர் 1764 முதல் 1769 வரை ரீகாவில் ஆசிரியராக இருந்தவர். 1778-79இல் அவர் வெளியிட்ட மக்கள் பாடல் தொகுப்பில் லாத்வியப் பாடல்களும் இடம்பெற்றன. மக்கள் பாடல் என்ற கருத்தாக்கத்துக்கே பெயர் வைத்தவர் அவர். அந்தப் பாடல்களைப் பாடியவர்கள் அப்போது ஜெர்மானியப் பிரபுக்களின் நிலத்தில் பண்ணையடிமைகள். பாடல் 'மக்களின் ஆன்மா' ஆனது. பாடியவன் சொத்துப் பட்டியலில் இருந்தான்.

மூன்றாவது கட்டம் லாத்வியர்களே தொகுக்கத் தொடங்கியது. இதில் க்ரிஷ்யானிஸ் பரோன்ஸின் இடம் மிகப் பெரியது. மாஸ்கோவில் வீட்டாசிரியராக வாழ்ந்துகொண்டு, 1880இல் தானே வடிவமைத்துச் செய்யச் சொன்ன அலமாரி ஒன்றில், சிறுசிறு காகிதத் துண்டுகளில் பாடல்களை எழுதி இழுப்பறைகளில் அடுக்கினார். பெரும்பாலும் நான்கே அடிகொண்ட இந்தப் பாடல்களுக்குத் தைனா என்று பெயர். 1894 முதல் 1915 வரை 6 தொகுதிகளாக வெளிவந்த 'லாத்வியத் தைனாக்கள்' நூலில் வேற்றுவடிவங்களையும் சேர்த்து 2,17,996 பாடல்கள். அந்த அலமாரி 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இப்போது ரீகாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பரோன்ஸின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அலமாரி என்பது ஒரு கோட்பாடும்தான். பாடல்களை அவர் அடுக்கிய முறை மனித வாழ்க்கை வட்டம்: பிறப்பு, குழந்தைப்பருவம், திருமணம், வேலை, சாவு, பிறகு ஆண்டின் விழாக்கள். ஒத்த பாடல்களில் ஒன்றை அடிப்படைப் பாடலாக நிறுத்தி மற்றவற்றை அதன் வேற்றுவடிவங்களாகக் கீழே வைத்தார். பாடுகிறவளுக்கு அவள் பாடுவதே பாடல். அலமாரியில் அது இன்னொன்றின் வேற்றுவடிவம். ஆபாசமென்று கருதப்பட்டவை பிரிக்கப்பட்டுக் கடைசித் தொகுதிக்குப் போயின. ஊஞ்சல் பலகையில் எதிரெதிரே நின்றவர்கள் எதையெல்லாம் பாடியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது, இழுப்பறைகளுக்கு இடையே இருக்கும் மரச்சட்டம் கண்ணில் படுகிறது.

4

இனி நாட்காட்டி. 'பண்டைய லாத்வியர்கள் வசந்தகாலச் சமஇரவு நாளில் லியெல்டியெனாஸைக் கொண்டாடினார்கள்; பின்னால் வந்த கிறித்தவம் அதைத் தன் விழாவோடு சேர்த்துக்கொண்டது.' இன்று பரவலாகச் சொல்லப்படுவது இது. ஆண்டை எட்டுச் சமபாகமாகப் பிரித்து, சூரியனின் நான்கு திருப்பங்களிலும் அவற்றின் இடைப்புள்ளிகளிலும் விழாக்களை நிறுத்தும் அழகான சக்கரப் படம் ஒன்றும் உண்டு.

இந்தச் சக்கரத்துக்கு ஒரு பிறந்த ஊர் இருக்கிறது. 1920களில் எர்னெஸ்ட்ஸ் ப்ரஸ்திஞ்ஷும் அவருடைய தோழர்களும் தியெவ்தூரி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். தைனாக்களிலிருந்து கிறித்தவத்துக்கு முந்தைய லாத்திய மதத்தை மீட்டெடுப்பது அவர்களின் திட்டம். 1918இல் பிறந்த புதிய தேசத்துக்குப் பழைய ஆன்மா தேவைப்பட்டது. தைனாக்களிலோ மரியாள் உண்டு, புனித ஜார்ஜ் உண்டு, கிறித்தவச் சொற்கள் உண்டு. இவற்றை 'அழுக்கு' என்று ஒதுக்கிக் கழுவிவிட்டால் அடியில் தூய மூலம் கிடைக்கும் என்பது அவர்களின் முறையியல். ஆனால் பதிவுகளில் நாம் காணும் விவசாயி இந்த விழாவைக் கொண்டாடியது இடம்பெயரும் தேதி கொண்ட திருச்சபை நாட்காட்டியின்படிதான். உயிர்ப்பு ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்பு குருத்தோலை ஞாயிறன்று, மொட்டுவிட்ட வில்லோக் கொம்பால் தூங்குகிறவர்களை விளையாட்டாக அடித்து எழுப்பி ஆரோக்கியம் வாழ்த்துவார்கள். அந்த ஞாயிறுக்கே வில்லோ மொட்டின் பெயர்தான். இதில் எது கிறித்தவம், எது முந்தையது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா? வெங்காயத்தை உரிக்கிற கதைதான்.

லத்கலெயைப் பாருங்கள். கத்தோலிக்கம் வேரூன்றிய கிழக்குப் பகுதி. அங்கே மே மாதம் முழுக்க மாலைநேரங்களில் சாலையோரச் சிலுவைகளின் அருகே கூடி மரியாளின் பிரார்த்தனை மாலைகளைப் பாடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வசந்தத்தில் திறந்தவெளியில் கூடிப் பாடும் உயிருள்ள சடங்கு என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? சிலுவை இருப்பதால் எட்டு ஆரச் சக்கரத்தில் இதற்கு இடமில்லை. மறுபுறம், வசந்தம் தொடங்கி நடுக்கோடை விழா வரைக்கும் 'ரோதா' என்ற பல்லவியோடு மேடுகளில் நின்று பாடும் ரோதாஷனா பாடல்களுக்குத் தடையின்றி இடம் கிடைக்கிறது. தூய்மை என்கிற அளவுகோல் முதலில் பலிகொடுப்பது இப்போது உயிரோடு இருப்பதைத்தான்.

ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலுக்குப் பின் 'கண்டுபிடிக்கப்பட்ட மரபு' என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோவது வழக்கமாகிவிட்டது. அந்த சௌகரியமும் வேண்டாம். ப்ரஸ்திஞ்ஷ் 1940இல் சோவியத் அதிகாரிகளால் கைதுசெய்யப்பட்டு 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்டுபிடிக்கப்பட்ட மரபுக்காகவும் மனிதர்கள் நிஜமாகவே சாகிறார்கள்.

5

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஏப்ரல் 23. புனித ஜார்ஜின் நாள், லாத்வியத்தில் யுர்கி. ஊசிஞ்ஷின் நாளும் இதுதான். குதிரைகளை முதல்முறையாக இரவு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள், தீ மூட்டுவார்கள், முட்டை சமைத்துத் தின்பார்கள். குதிரைக்காகச் சேவல் பலி கொடுத்ததற்கும் பதிவுகள் உண்டு. ருஷ்யப் பேரரசில் பழைய ஜூலியன் நாட்காட்டி 1918 வரை நடப்பில் இருந்ததால், 19ஆம் நூற்றாண்டின் ஏப்ரல் 23 என்பது இன்றைய கணக்கில் மே 5. அப்போதுதான் புல் நிஜமாகவே தலைகாட்டியிருக்கும்.

கையேடுகள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் அதே நாளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குர்ஸெமெயில் 1817இலும் வித்ஸெமெயில் 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. நிலம் முழுக்கப் பிரபுக்களிடமே இருந்தது. நூற்றாண்டின் பின்பாதியில் விவசாயிகளில் ஒரு பகுதியினர் பண்ணைகளை விலைக்கு வாங்கி உடைமையாளர் ஆனார்கள். மற்றவர்கள் அவர்களிடம் வருஷக்கூலிக்கு நின்றார்கள். அந்த ஒப்பந்தம் ஒரு யுர்கியிலிருந்து அடுத்த யுர்கி வரை. ஒப்பந்தம் முடிந்த குடும்பம் பெட்டி, சட்டி, பிள்ளைகுட்டி, இருந்தால் ஒரு பசுவையும் வண்டியோடு கூட்டிக்கொண்டு அடுத்த பண்ணையைத் தேடிப் போக வேண்டும். வசந்தத்தின் சாலைகளில் எதிரும்புதிருமாக இந்த வண்டிகள்.

ஆக, ஒரே நாள். பண்ணைக்காரனுக்குக் குதிரைத் தெய்வத்தின் விழா. கூலிக்காரனுக்கு வீடு காலிசெய்யும் நாள். தன் நிலத்தின் எல்லைக்கு அப்பால் பறவைகளை ஓட்டுகிறவனுக்கு முதலில் நிலத்தின் எல்லை என்று ஒன்று வேண்டும். ஆளி ஓங்கி வளர ஆடுகிறவனுக்கு ஆளி வயல் வேண்டும். 'லாத்விய விவசாயியின் வசந்தம்' என்று ஒருமையில் பேசும்போது நாம் பேசுவது பெரும்பாலும் உடைமை உள்ளவனின் வசந்தத்தைப் பற்றி.

முதல்நாள் மேய்ச்சல் முடிந்து மாடு திரும்பும்போது மேய்ப்பவர் மீது தண்ணீர் ஊற்றும் வழக்கம் உண்டு. பெண்களும் மேய்ப்பவரும் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். ஈரமும் சிரிப்புமாக அழகான காட்சி. காரணம் என்ன சொன்னார்கள்? கோடை முழுக்க மேய்ப்பவர் தூங்கிவிடக் கூடாது. மேய்த்தவர்களில் நிறையப் பேர் சிறுவர்கள், அதிலும் கூலிக்கு விடப்பட்ட ஏழைப் பிள்ளைகள். விடியலில் ஓடையில் முகம் கழுவினால் தூக்கம் வராது என்ற நம்பிக்கையோடு இதைச் சேர்த்து வாசித்தால், வசந்தச் சடங்குகளில் தூக்கத்தைப் பற்றிய பயம் ஏன் இத்தனை தடவை வருகிறதென்று புரியும். குளிர்காலச் சோம்பலிலிருந்து உடம்பைக் கோடையின் நீண்ட வேலைநாளுக்குப் பழக்குகிற ஏற்பாடு இது. பக்தினின் திருவிழாச் சிரிப்பை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதற்கு முன்னால், தண்ணீர் யார் தலையில் ஊற்றப்படுகிறது, மறுநாள் யார் நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

6

1920இல் சுதந்திர லாத்வியா நிலச்சீர்திருத்தம் செய்தது. ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணைகள் உடைக்கப்பட்டு நிலமற்றவர்களுக்கும் பங்கு கிடைத்தது. யுர்கியன்று வண்டி கட்டியவர்களில் பலர் முதன்முறையாகச் சொந்த எல்லைக்குள் ஊஞ்சல் கட்டினார்கள் எனலாம். அது நீடிக்கவில்லை. 1940இல் சோவியத் ஆக்கிரமிப்பு, 1941இல் நாஜி ஆக்கிரமிப்பு, மீண்டும் சோவியத்.

மார்ச் 25, நாட்டார் நாட்காட்டியில் மாராவின் நாள். முட்டைக்கோஸ் விதைப்போடு சேர்த்துச் சொல்லப்படும் நாள். 1949இல் அதே மார்ச் 25இல் தொடங்கிய சில நாட்களுக்குள் 42,000க்கும் மேற்பட்டவர்கள் லாத்வியாவிலிருந்து சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். குலாக்குகள், தேசியவாதிகளின் குடும்பத்தினர் என்று பட்டியல். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள். மிஞ்சியிருந்தவர்கள் பயந்துபோய்க் கூட்டுப்பண்ணைகளில் சேர்ந்தார்கள். இன்று மார்ச் 25 அங்கே துக்கநாள். கொடியில் கருப்புத் துணி கட்டுகிறார்கள். நாட்டார் வழக்காற்று நூல்கள் முட்டைக்கோஸைப் பற்றிச் சொல்லும், வரலாற்று நூல்கள் ரயிலைப் பற்றிச் சொல்லும். ஒரே நாளின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

வழவழப்பான தாளில் நம் கைக்கு வந்த சோவியத் பத்திரிகைகளில் நாட்டார் உடையணிந்த பெண்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பண்ணை போய்விட்டது, சடங்குக்கு அடிப்படையாக இருந்த உற்பத்தி உறவு போய்விட்டது. உடையும் ஆட்டமும் மேடைக்கு வந்தன. அரசாங்கத்தின் வசந்தவிழா மே 1. உயிர்ப்பு ஞாயிறு விடுமுறை கிடையாது. ஆனாலும் வீட்டுக்குள் வெங்காயத் தோலைச் சேர்த்துவைப்பதை எந்த அரசாங்கம் தடுக்க முடியும்?

1976இல் தொடங்கிய ஸ்கந்தினீகி என்ற குழுவும் அதையொட்டி வளர்ந்த நாட்டார் இயக்கமும் மேடையின் ஒப்பனையை மறுத்து, கிராமத்தில் பாடுவதுபோலவே பாட வேண்டுமென்று கேட்டன. 1988இல் ரீகாவில் நடந்த பால்டிகா நாட்டார் விழாவின் ஊர்வலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த தேசியக்கொடி வெளிப்படையாக வந்தது. 1990 மே 4இல் சுதந்திரப் பிரகடனம். அந்த வருஷங்களில் ஒரு பழைய பாட்டைப் பாடுவதென்பது சும்மா விஷயமல்ல. தூய மூலம் என்ற கற்பிதம் அங்கே அதிகாரத்துக்கு எதிராக நின்றது. ஒரு கற்பிதம் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பக்கம் மாறவும் செய்தது. சுதந்திரத்துக்குப் பின், 1940க்கு முந்தைய குடிமக்களும் அவர்களின் வாரிசுகளும்தான் இயல்பாகக் குடிமக்கள் என்றானபோது சுமார் 7 லட்சம் பேர், பெரும்பாலும் ருஷ்ய மொழி பேசுகிறவர்கள், 'குடிமக்கள் அல்லாதோர்' என்ற வகைக்குள் வந்தார்கள். அவர்களும் வெங்காயத் தோலில்தான் முட்டைக்குச் சாயமேற்றுகிறார்கள்; ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டிப்படி பெரும்பாலான வருஷங்களில் வேறொரு ஞாயிறன்று. ஒரே நாட்டில் இரண்டு உயிர்ப்பு ஞாயிறுகள். 'லாத்வியாவின் வசந்த மரபுகள்' என்ற தலைப்பின் கீழ் இரண்டாவது ஞாயிறு எத்தனை நூல்களில் வருகிறது?

7

இதையெல்லாம் சொல்வதால் ஊஞ்சல் ஆடுகிறவனின் மகிழ்ச்சி பொய்யாகிவிடாது. ஆறு மாதப் பனிக்குப் பின் பிர்ச் மரத்தில் துளைபோட்டு, சொட்டும் சாற்றைக் குடிக்கிறவனிடம் போய் உன் மரபு கட்டமைக்கப்பட்டது என்று சொன்னால் அவன் சிரிப்பான், சிரிக்கத்தான் வேண்டும். என் சண்டை அவனோடு இல்லை. பாதிரியாரின் அறிக்கை, அறிஞனின் அலமாரி, தேசியவாதியின் சக்கரம், அரசின் மேடை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவற்றை 'நாட்டார்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டு, அதற்குள் பண்ணைக்காரனும் கூலிக்காரனும் ஒரே குரலில் பாடினார்கள் என்று நம்பச் சொல்கிற எழுத்தோடுதான்.

ஊஞ்சலைக் கழற்றாவிட்டால் சூனியக்காரி வந்து ஆடுவாள் என்றார்கள். அந்தக் கணக்கில் ஊஞ்சலுக்கு உரியவர்கள், உரிமையில்லாதவர்கள் என்ற பிரிவினை சடங்குக்குள்ளேயே இருந்திருக்கிறது. தொகுத்தவர்கள் உரியவர்களின் பாட்டைத் தொகுத்தார்கள். வண்டி கட்டிப் போனவர்களின் வசந்தம் வேறொரு இடத்தில் தங்கிவிட்டது. இன்றைக்கும் ரீகாவில் ஒருவர் வாடகை வீடு மாறினால், அது எந்த மாதமாக இருந்தாலும், அதற்குப் பேச்சுவழக்கில் பெயர் யுர்கி. குதிரைத் தெய்வத்தை மறந்துபோனவர்கள்கூட அந்தச் சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.